ஆத்தாளுக்கு ஒரு வாடகைக் கரடி

மகனுக்கு அம்மா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய், மருமகள் எப்படி இருக்கிறாள், பேத்தி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். எதிரே நீ பார்சலில் அனுப்பிய கரடி நாற்காலியில் சாய்ந்து ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே நாங்கள் இருவரும் நலம்தான். உன் புத்தி எப்படி இருக்கிறது என்பதைத்தான் நீ எழுத வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் பார்சலை எடுக்க உன் அப்பா சைக்கிளில் போனார். பேத்தி வளர்ந்துவிட்டாள், அவளுடைய தொட்டிலைத்தான் திருப்பி அனுப்பியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு போனவருக்கு, பஸ்ஸின் கூரையிலிருந்து ஒரு நீலக் கரடியை இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பைக் கேரியரில் கட்டிவிட்டார். தலையை எங்கே வைப்பது? அது நம் வீட்டு அரிசிப் பானையைவிடப் பெரிது. கடைசியில் அதைத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவிலேயே நடக்கிற மனுஷரை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எதிர்வீட்டுத் தெலுங்கு அக்கா வாசலில் நின்று, "இதி எலுகா, பொம்மா? கரடியா பொம்மையான்னே தெரியலையே, யாரு உள்ள?" என்று கேட்டிருக்கிறார். அப்பா உள்ளேயிருந்து "நாந்தாங்க, நாந்தாங்க" என்று கத்தியது அவர் காதில் விழவில்லை. நம் வெள்ளை நாய், அப்பா கையால் சோறு தின்று வளர்ந்த நாய், கொல்லையிலிருந்து பாய்ந்து வந்து வேட்டியைக் கவ்விக்கொண்டது. நான் போய் அந்தத் தலையைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் நாய் வாலை ஆட்டியது. அப்பா வேர்த்துக் கொட்டி நின்றார். "செத்த நேரத்துல மூச்சு முட்டிப் போச்சுட்டி. இதப் போட்டுக்கிட்டு எப்படித்தான் ஆடுதானுவளோ" என்றார்.

பொழுது விடிந்தால் தையல் மெஷினில் உட்கார்கிறவள் நான். ஒரு துணியைக் கையில் எடுத்தால் தைத்தவனின் லட்சணம் எனக்குத் தெரிந்துவிடும். உன் கரடியையும் தரையில் விரித்துப் போட்டுப் பார்த்தேன். நீல நிறம். எந்தக் காட்டில் நீலக் கரடி மேய்கிறது என்று வேஷம் வாடகைக்கு விடுகிற உன் கம்பெனியில் யாரும் கேட்கவில்லையா? கைக்கு நாலு விரல், அதற்கு வெள்ளை உறை, நகம் என்று ஒன்றுமில்லை. வாயில் இரண்டு வரிசைப் பல், பற்பசை விளம்பரத்துக்கு வந்து நிற்கிற பெண்ணின் பல்லைப் போல. வயிற்றில் இருப்பதெல்லாம் ஸ்பாஞ்சு. தலைக்குள் பாட்டரியில் ஓடுகிற குட்டி ஃபேன் ஒன்று, அதுவும் சுற்றவில்லை. ஜிப்பு முதுகில் இருக்கிறது. உள்ளே போனவன் தானாக வெளியே வர முடியாது, இன்னொருவன் வந்து திறந்துவிட வேண்டும். கக்கத்தில் எத்தனை பேருடைய வேர்வை ஊறிக் கிடக்கிறதோ, அதன் மேல் சென்ட்டை அடித்து அனுப்பியிருக்கிறாய். கழுத்துப் பட்டையில் ஒரு சீட்டு தைத்திருக்கிறது, தண்ணீர் படக் கூடாது என்று. தண்ணீர் பட்டால் கெட்டுப்போகிற கரடியை உன்னிடம்தான் பார்க்கிறேன்.

அதோடு நீ வைத்திருந்த கடிதத்தையும் படித்தேன். நம் ஆத்தா கோயில் பங்குனிப் பொங்கலுக்கு உனக்கு லீவு கிடைக்காதாம். கம்பெனியில் வேலை பார்க்கிற மணி என்கிறவர் வருவாராம், இந்த சூட்டைப் போட்டுக்கொண்டு நம் தெருவில் உனக்குப் பதிலாக மடிப்பிச்சை எடுத்து, அரிசியைக் கோயிலில் கொட்டிவிட்டு, மறுநாள் சூட்டோடு மெட்ராஸ் திரும்பிவிடுவாராம். "மஞ்சத்தண்ணி மட்டும் மேல ஊத்த வேண்டாம்னு தெருவுல சொல்லிருங்கம்மா, சூட் வீணாயிரும்" என்று அடியில் கோடு போட்டு வேறு எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே இன்னொரு வரி. "நீங்க அந்தக் காலத்துல வீட்ல செஞ்சதத்தான் நாங்க இப்ப நல்லா ஃபினிஷிங்கா செய்றோம்." அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவு செய்தேன். நானும் நீயும் ஒரே காரியத்தைச் செய்கிறவர்கள் என்று நீ நினைத்துக்கொண்டு திரிய நான் விட முடியாது.

போன வருஷம் நீ எதிர்வீட்டுக்குப் போன் பண்ணியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. பேத்திக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நீ வெளியே பூத்தில் நின்று பேசினாய். பேசினாய் என்று எதைச் சொல்ல, பாதி அழுகை. "அம்மா, பிள்ள கண்ணத் தெறக்க மாட்டேங்குதும்மா. நம்ம ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். அப்பா எனக்குப் போட்ட மாதிரியே நானும் கரடி வேஷம் போட்டு வீடு வீடாப் போயி மடிப்பிச்ச எடுக்கேன்னு சொல்லிட்டேன். நீங்களும் போயி ஆத்தா காதுல சொல்லுங்க" என்றாய். நான் கட்டியிருந்த சேலையோடு, ஊசி குத்திய துணியை மெஷினில் அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். நீ சொன்ன சொல்லை உன் சொல்லாகவே அங்கே சொன்னேன். மணி வருவார் என்று நான் ஆத்தாளிடம் சொல்லவில்லை.

உன் அப்பா போட்ட வேஷத்தைப் பற்றி உனக்கு எம்புட்டுத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். அப்போது உனக்கு ஐந்து வயது. மஞ்சள் காமாலையில் நீ சுருண்டு கிடந்து எழுந்திருந்தாய். வேண்டிக்கொண்டது அவர். தைக்க வேண்டியது நான். கரடி வேஷம் என்றால் ஊரில் எல்லோரும் சணல் சாக்கைப் பிரித்து, கறுப்புச் சாயத்தில் காய்ச்சி, இழை இழையாகத் தைப்பார்கள். உன் அப்பாவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஸ்பின்னிங் மில்காரர் இல்லையா, உலகத்தில் எதைச் செய்வதானாலும் பஞ்சில்தான் செய்வார். மில்லில் கேட்டு ஒரு மூட்டைக் கழிவுப் பஞ்சைக் கொண்டுவந்து போட்டார். "சணலு குத்தும். பஞ்சுன்னா மெத்துமெத்துன்னு இருக்கும், ஒட்டுனாப் போதும்" என்றார். நானும் அதைக் கேட்டுத் தொலைத்தேன். மில் வீடுகளில் மட்டும்தான் இந்தப் புத்தி வரும். பழைய காக்கிச் சட்டையிலும் கால்சட்டையிலும் புளியங்கொட்டைப் பசையைத் தடவிப் பஞ்சை ஒட்டினோம். காய்ச்சினால் பஞ்சு திரண்டுவிடும் என்று சாயத்தைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து மேலே தெளித்தோம். பார்க்க அது கரடியாகவே இல்லை, தாரில் விழுந்து எழுந்த செம்மறியாடு. முகமூடி மட்டும் நன்றாக வந்தது. பானையைக் கவிழ்த்து அதன் மேல் காகிதத்தையும் பசையையும் அப்பி, காய்ந்ததும் கழற்றி, மூக்குக்குத் தேங்காய்ச் சிரட்டையை வைத்தேன். நெற்றியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன், வேண்டும்போது முகமூடியை மேலே தூக்குவதற்கு. அந்த எலாஸ்டிக்தான் வேஷத்துக்கு உயிர். உன் கம்பெனிக் கரடியில் இல்லாததும் அதுதான்.

நம் தெருவின் வழக்கம் உனக்கு மறந்திருக்கும். கொட்டும் கூட்டமும் கூட வர, கரடி ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும். வீட்டுக்காரர் சொளகில் அரிசியோடு வருவார். கரடி முகமூடியைத் தூக்கித் தன் முகத்தைக் காட்ட வேண்டும். இன்னார் மகன், இன்ன பிள்ளைக்காக வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவர்கள் முகத்தை நன்றாகப் பார்த்து, தலையில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றி, பையில் அரிசியைப் போடுவார்கள். அவ்வளவுதான் வேஷம். ஆடுவது பாடுவது எல்லாம் பிள்ளைகள் கேட்டால். உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும், அடுத்த வீட்டில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கக்கூட நா எழாத ஆள். அவ்வளவு ரோஷம். அந்த ஆள் தெருவெல்லாம் முகத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டி, என் மகனுக்காகப் பிச்சை போடுங்கள் என்று கேட்டார்.

இப்போது அந்தப் பஞ்சின் கதையைக் கேள். நாலைந்து வீட்டு மஞ்சள் தண்ணீர் இறங்கியதும் பஞ்சு அத்தனையையும் குடித்துக்கொண்டது. காலைத் தூக்கி வைக்க முடியாத பாரம். காய்ச்சாத சாயம் ஒழுக ஆரம்பித்தது. போகிற வழியெல்லாம் கறுப்புக் கறுப்பாகச் சொட்டியது. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கறுப்புத் தடம் உள்ளே போய் வெளியே வந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் தடம் உள்ளே போகாமல் நேராகத் தாண்டிப் போயிற்று. அது உன் பெரியப்பா வீடு. நடுச்சுவர் சண்டையில் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. வேஷக்காரன் ஒரு வீட்டையும் விடக் கூடாது என்பது வழக்கம். கூட்டத்தோடு கூட்டமாகத் தாண்டிவிட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று உன் அப்பா நினைத்திருக்கிறார். சாயம் அவரை விடவில்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்த சிமெண்டுத் தெருவில் அந்தத் தடத்தை ஊரே பார்த்தது.

பெரியப்பாவும் பார்த்தார். சொளகோடு தெருவில் இறங்கி நின்று, "ஏலே கரடி" என்று கூப்பிட்டார். கொட்டு நின்றது. "எங்க வீட்டு அரிசி ஒங்க ஆத்தாளுக்கு ஆகாதோ? பிள்ளைக்காகத்தான வேண்டிக்கிட்ட. என் வாசல்ல நிக்க மட்டும் ஒனக்குக் காலு வரலையோ?" என்றார். உன் அப்பா அப்படியே நின்றார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தேன். திரும்பி வராமல் போய்விடுவாரோ என்று நானும் நின்றேன். அவர் திரும்பினார். அந்தப் பாரத்தை இழுத்துக்கொண்டு அண்ணன் வாசலுக்கு வந்து முகமூடியைத் தூக்கினார். முகமெல்லாம் கறுப்புச் சாயம். "என் மகனுக்காக வந்திருக்கேன்" என்றார்.  பெரியப்பா மேலும் கீழும் பார்த்தார். "கண்ணுல எறங்குது, தொடச்சுக்கோ" என்று தன் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தார். பிறகு தண்ணீரை ஊற்றி, சொளகில் இருந்ததையெல்லாம் பையில் கவிழ்த்தார். அதற்காக அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று நினைக்காதே. இருவரும் அந்தக் குணத்துக்காரர்கள் இல்லை. அன்றைக்கு அவர்கள் பார்த்துக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் உன் கல்யாணத்தில் முன்னால் நின்று பந்தியை நடத்தியவர் யார் என்று நினைத்துப் பார். முதுகில் ஜிப்பு வைத்த நீலக் கரடி அந்த வாசலில் நின்றிருந்தால் பெரியப்பா யாருடைய கண்ணைப் பார்த்திருப்பார்?

அதற்குப் பிறகு நான் பஞ்சைத் தொடவில்லை. சணலைப் பிரித்து, உப்புப் போட்டுச் சாயத்தைக் காய்ச்சி, கூரை வேய்கிற மாதிரி கீழ்வரிசையிலிருந்து மேலே தைத்துக்கொண்டு போகப் பழகினேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கெல்லாம் என்னிடம்தான் வந்தார்கள். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைச் சாம்பல் நிறத்தில் முக்கி யானை செய்தேன், தேங்காய் நாரில் சிங்கத்துக்குப் பிடரி செய்தேன். உனக்கு ஆடு. மூன்றாவது படித்தாய் என்று நினைக்கிறேன். காது, கொம்பு, தாடி எல்லாம் வைத்து, முகத்தை மட்டும் திறந்துவிட்டிருந்தேன். நீ கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாய். "நான்னு தெரியுதும்மா" என்றாய். "தெரியணும்லே, இல்லன்னா ஒனக்கு யாரு கை தட்டுவா" என்றேன். நீ கேட்கவில்லை. மேடையில் மற்ற பிள்ளைகள் தங்கள் அம்மா எங்கே என்று தேடித் தேடிக் கையை ஆட்டின. என் ஆடு மட்டும் தலை குனிந்து திரைச்சீலையின் பக்கம் திரும்பி நின்றது. சின்னப் பிள்ளைதானே, கூச்சம், வளர்ந்தால் போய்விடும் என்று விட்டுவிட்டேன். நீ வளர்ந்தாய். கூச்சத்தையும் கூடவே வளர்த்து, அதையே ஒரு தொழிலாகவும் ஆக்கிக்கொண்டாய்.

அந்தத் தொழிலை நீ எங்கே பொறுக்கினாய் என்பதும் எனக்குத் தெரியும். உனக்குக் கல்யாணமான புதிதில் உன் மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரெடிமேட் கடையைப் பெரிதாக்கித் திறந்தார். சம்பந்தி முறைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார். வாசலில் ஒரு கரடி நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கை கொடுத்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தது. நீ வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாய். சித்திரை வெயில். தேருக்கு முன்னால் போகிற யானைக்குக்கூட அன்றைக்கு நிழலில் நிற்கக் கொடுத்து வைத்திருக்கும். இந்தக் கரடி நட்டநடு வெயிலில் நின்றது. கொஞ்ச நேரத்தில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. ஆடுகிறது என்று பிள்ளைகள் கை தட்டின. எனக்கு அது ஆட்டமாகத் தெரியவில்லை. கிட்டப் போய், வலை வைத்துத் தைத்திருந்த அதன் வாய்ப்பக்கம் குனிந்து, "தம்பி, நல்லாருக்கியா" என்று கேட்டேன். "யக்கா, தல சுத்துது, ஜிப்பத் தெறந்துவிடச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வெளியே அந்த முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. உள்ளே ஒருவன் விழப்போகிறான், மேலே பல் வரிசை அப்படியே இருக்கிறது. அதைவிட அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

நானே ஜிப்பைத் திறந்து தலையைக் கழற்றினேன். உள்ளே நம் தளவாய்புரத்துக்காரர் ஒருவர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், வேர்வையில் முக்கி எடுத்த மாதிரி இருந்தார். சோடா வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். உன் மாமனார் பதறிக்கொண்டு ஓடி வந்தார், எதற்கென்று நினைக்கிறாய்? "சம்பந்தி, கடை வாசல்ல தலையக் கழட்டிட்டீங்களே, பிள்ளைங்க பாக்குதுல்ல" என்றார். உள்ளே இருக்கிற மனுஷர் யார் என்று கேட்டேன். பேர் தெரியவில்லை அவருக்கு. "யாரு இருந்தா என்ன சம்பந்தி, நமக்குக் கரடிதான வேணும்" என்றார். நீ பக்கத்தில் நின்றாய். நீயும் சிரித்தாய். உன் மாமனாரின் அந்த ஒரு வார்த்தையைத்தான் நீ மெட்ராசில் போர்டு மாட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறாய். பிறந்தநாளுக்குக் கரடி, கடை திறப்புக்குக் கரடி, இப்போது நேர்த்திக்கடனுக்கும் கரடி. யார் உள்ளே இருந்தால் என்ன?

நாங்கள் செய்ததைத்தான் நீயும் செய்கிறாயாம். நான் தைத்த எந்த மிருகத்துக்குள்ளும் ஒரு பிள்ளையைக்கூட ஒளித்து வைத்ததில்லை. என் யானை நடந்தால் "ஏ, நம்ம முருகேசன் மக நடந்து வாரா" என்று ஊர் சொல்லும். ஆட்டத்துக்கு நடுவில் என் சிங்கத்துக்கு மூக்கு ஒழுகும், அதன் அம்மா மேடையேறித் துடைத்துவிட்டு வருவாள். யாரென்று தெரிவதில்தான் அந்தச் சந்தோஷமே இருந்தது. உன் கரடிக்கு ஃபினிஷிங் இருக்கலாம், பளபளப்பு இருக்கலாம். அதை மாட்டிக்கொண்டால் நீயும் ஒன்று, மணியும் ஒன்று, ஒரு மூட்டை தவிடும் ஒன்று. அதைப் போய் ஆத்தா முன்னால் நிறுத்த உனக்கு எப்படி மனசு வந்தது?

லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, உன் கம்பெனியில் லீவு கொடுக்கிற முதலாளியே நீதானே. யாரிடம் கதை விடுகிறாய்? மருமகள் போனில் உண்மையைச் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. "அவங்களுக்கு வர ஆசதான் அத்த. எங்க அப்பா பாத்தா என்ன நெனப்பாரோன்னு யோசிக்காங்க. மருமகன் சாக்கக் கட்டிக்கிட்டுத் தெருவுல பிச்ச எடுக்காருன்னு கடைல பேசுவாங்கன்னு பயப்படுதாங்க" என்றாள். அட பாவி. பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது உன் மாமனார் என்ன நினைப்பார் என்று நீ யோசிக்கவில்லையே. அன்றைக்கு முழுசாக வெளியே இருந்த உன் முகம், பிள்ளை எழுந்து இட்லி தின்ன ஆரம்பித்ததும் உள்ளே போய்விட்டதா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ வராவிட்டால் ஆத்தா பேத்தியை ஏதாவது செய்துவிடுவாள் என்று நான் மிரட்டவில்லை. அப்படிப்பட்ட பேச்சை நான் பேச மாட்டேன். அவள் பெற்றவள் மாதிரி, கொடுத்த உயிரைத் திருப்பிக் கேட்க மாட்டாள். நீ ஏமாற்றினால் ஏமாந்துகொண்டு சும்மா இருப்பாள். என்னால்தான் அப்படி இருக்க முடியாது. தன் பிள்ளைக்காக நாலு பேர் முன்னால் முகத்தைக் காட்டி நிற்க முடியாதவனையா நான் பெற்று வளர்த்தேன் என்பதுதான் எனக்கு வேகிறது. அப்பாவிடம் சொன்னேன்.  "அவன் வருவான்னு எனக்குத் தோணலட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்குப் பெரியப்பா வாசலைத் தாண்டிப் போனாரே, அப்போதுகூட அவர் நடை இவ்வளவு தளர்ந்து நான் பார்த்ததில்லை.

உன் நீலக் கரடியை நான் ஒன்றும் செய்யவில்லை. கிழிக்க வேண்டும் போலத்தான் கை பரபரத்தது. வாடகைப் பொருள், நாளைக்கு எந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கோ போக வேண்டியது. வெயிலில் உலர்த்தி, அந்தக் கக்கத்து நாற்றத்துக்கு வேப்பிலைப் புகை காட்டி, ஃபேனுக்குப் புது பாட்டரியும் போட்டு, அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறேன். மணியிடம் சொல், அவரை நான் வர வேண்டாம் என்று சொன்னது கோபத்தில் இல்லை. தன் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு அவர் எப்போது வந்தாலும் அவருக்கு நான் தைத்துக் கொடுப்பேன். உன்னுடைய வேண்டுதலை முதுகில் ஜிப்பு போட்டு அவர் சுமக்க வேண்டாம்.

உனக்கான கரடி தயார். போன் வந்த மறுவாரமே சாக்கு வாங்கிவிட்டேன், வருஷம் முழுக்க ஓய்ந்த நேரத்தில் இழை உருவினேன். நல்ல அட்டக் கறுப்பு, எத்தனை செம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாலும் ஒரு சொட்டுச் சாயம் இறங்காது. சிரட்டையில் நகம் வெட்டி வைத்திருக்கிறேன். நெற்றிக்குப் புது எலாஸ்டிக். நம் நாய் அதை மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொள்கிறது. கல்யாணச் சட்டை தைத்தபோது எடுத்த அளவு இருந்தது, அதை வைத்துத் தைத்தேன். வயிற்றில் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருக்கிறேன், மெட்ராஸ் சாப்பாடு அல்லவா.

பொங்கலன்று காலையில் கொட்டு நம் வாசலுக்கு வரும். நீ வந்தால் உனக்குக் கட்டிவிடுவேன். வராவிட்டால் அதை நான் கட்டிக்கொள்வேன். கிழவிக்குக் கரடி வேஷமா என்று ஊர் சிரிக்கட்டும். நம் தெருவை முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறுவேன். கண்டக்டர் கேட்டால் கரடிக்கும் முழு டிக்கெட் எடுப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, நேராக உன் மாமனார் கடைக்குப் போவேன், கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து. அன்றைக்கு அந்த மிட்டாய்க் கரடி நின்ற அதே இடத்தில் நின்று, முகமூடியைத் தூக்கி என் முகத்தைக் காட்டி, "சம்பந்தி, ஒங்க பேத்திக்காக வந்திருக்கேன், பெத்த அப்பனுக்கு மூஞ்சி இல்ல, அதனால நான் வந்தேன்" என்று சொல்லி மடியை விரிப்பேன். யார் உள்ளே இருந்தால் என்ன என்று அப்போது அவர் சொல்கிறாரா என்று பார்க்கலாம்.

வேஷம் உன் உயரத்துக்குத் தைத்தது. அதன் கால் எனக்கு நீளம். மடித்து நாலு தையல் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். பொங்கலன்று காலையில் கொட்டுச் சத்தம் வாசலில் கேட்கும் வரைக்கும் அந்தக் கால் துணியை நான் மடிக்க மாட்டேன்.